சினத்தின் சொற்கள்: பாடலாத்ரி முதல் தொழிற்கூடம் வரை

சென்னையிலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், மறைமலைநகரைக் கடந்ததும், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சாலை பிரிகின்ற இடத்தில் இருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில். இன்று கார்த் தொழிற்சாலைகளுக்கும் உதிரிபாக ஆலைகளுக்கும் செல்லும் பேருந்துகள் திரும்பும் சந்திப்பாக அறியப்படும் இவ்வூர், தன் பெயரைச் சிறு குன்றொன்றில் குடையப்பட்ட நரசிம்மர் கோயிலிலிருந்து பெற்றது. பல்லவர் காலத்துக் குடைவரை என்று கருதப்படும் இக்கோயிலின் மூலவர் பாடலாத்ரி நரசிம்மர் எனப்படுகிறார். வடமொழியில் 'பாடலம்' என்பது செந்நிறத்தையும் 'அத்ரி' என்பது மலையையும் குறிக்கும். இரணியனை அழித்த கோலத்தைக் காண விரும்பித் தவமிருந்த ஜாபாலி முனிவருக்குப் பெருமாள் சிவந்த கண்களோடு காட்சி தந்தார் என்றும், அச்சினத்தின் செம்மையால் குன்றும் சிவந்தது என்றும் தலபுராணம் கூறுகிறது. குன்றே கருவறையாக இருப்பதால் மூலவரை வலம்வர விரும்புவோர் குன்றைச் சுற்றியே வரவேண்டும். தீபாராதனையின்போது அர்ச்சகர் நெற்றியை மறைத்திருக்கும் திருநாமத்தை விலக்கி, மூலவருக்கு உள்ளதாகச் சொல்லப்படும் மூன்றாவது கண்ணை விளக்கொளியில் காட்டுகிறார். உள்ளே அமர்ந்திருப்பவர் உக்கிர நரசிம்மர். வீதியுலா வருகின்ற உற்சவரோ பிரகலாதனுக்கு வரம் அளித்தவர் என்னும் பொருளில் பிரகலாத வரதர். ஒரு கோயிலுக்குள்ளேயே உக்கிரமும் அருளும் இரு திருமேனிகளுக்கு இரு பெயர்களாய் அமைந்திருப்பது, சினம் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்காத பல மனநிலைகளைத் தமிழ் மரபு எவ்வாறு பிரித்தறிந்தது என்ற கேள்விக்குப் பொருத்தமான தொடக்கமாகும்.

நிறத்தையும் சினத்தையும் இணைத்துக் காண்பது இத்தலபுராணத்துக்கு மட்டும் உரியதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் உரியியல், அதாவது குணத்தையும் செயலையும் உணர்த்தும் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறும் இயல், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களும் வெகுளியை உணர்த்தும் என்று ஒரு நூற்பாவில் விதித்து, அடுத்த நூற்பாவில் அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்று சேர்க்கிறது. நிறப்பொருளைப் பின்னே வைத்து வெகுளிப் பொருளை முன்னே வைத்த இம்முறைக்குக் காரணம், எல்லார்க்கும் தெரிந்த பொருளைவிட எளிதில் விளங்காத பொருளையே எடுத்து விளக்குவது உரியியலின் நோக்கம் என்பதாகும். பகைவன் துன்பம் செய்யும் நிலையைப் பேசும் 312ஆம் குறளில் 'கறுத்து' என்னும் சொல் நிறத்தைக் குறிக்காமல் சினங்கொண்ட மனத்தைக் குறிப்பதும் இவ்வழக்கின் தொடர்ச்சியே. இன்றும் கோபத்தில் முகம் சிவந்தது என்றும், கவலையில் முகம் கறுத்துப்போயிற்று என்றும் சொல்லுகிறவர்கள் அப்பழைய வழக்கின் ஒரு பாதியை அப்படியே காத்து, மறுபாதியைச் சற்று வேறாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சொல்லளவில் நிற்காமல் மனநிலையின் காரணத்தைத் தேடியது பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல். மெய்ப்பாடு என்பது உள்ளத்தில் தோன்றிய உணர்வு உடலின்கண் பிறர்க்குப் புலப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியம், ஒவ்வொன்றும் எவ்வெவற்றால் பிறக்கும் என்று நந்நான்கு நிலைக்களன்களாக முப்பத்திரண்டைத் தருகிறது. நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவை களன்கள். வெளியே ஒன்றுபோல் தோன்றும் சிரிப்பு, இகழ்ச்சியால் வந்ததா, சிறுபிள்ளைத்தனத்தால் வந்ததா, அறியாமையால் வந்ததா, சொன்னதைச் சொன்னபடியே நம்பிவிடும் தன்மையால் வந்ததா என்று பிரித்துக் காண இப்பகுப்பு இடம் தருகிறது. எள்ளலைக்கூடப் பிறரை எள்ளித் தான் நகுவது, பிறரால் எள்ளப்பட்டுத் தான் நகுவது என்று உரையாசிரியர்கள் இரண்டாக்கினர். பிறரைப் பழிக்கும் சிரிப்பும், பழிக்கப்பட்டவன் தன் வலியை மறைக்கச் சிரிக்கும் சிரிப்பும் ஒன்றல்ல என்ற நுட்பமான அறிவு இதில் உள்ளது.

வெகுளிக்குக் கூறப்படும் நான்கு களன்கள் உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்பன. உறுப்பறை என்பது கை முதலிய உறுப்புகளை அறுத்தல். அலை என்பது கோல்கொண்டு அடித்தல் போன்றவை. குடிகோளுக்கு, கீழ் வாழ்வாரை நலிதல் என்றும், மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு ஆகியவற்றுக்குக் கேடு சூழ்தல் என்றும் உரைகள் வேறுபட்டுப் பொருள் சொல்கின்றன. கொலை என்பதற்கு உயிரைப் போக்குதல் என்ற நேர்ப்பொருள் இருக்க, பேராசிரியர் என்னும் உரையாசிரியர் அதை அறிவு, புகழ் முதலியவற்றைக் கொன்று பேசுதல் என்று விளக்கினார். உடலின்மேல் விழும் அடியும் மதிப்பின்மேல் விழும் சொல்லும் ஒரே மெய்ப்பாட்டுக்கு நிகரான காரணங்களாய் ஓரிடத்தில் வைக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. வடமொழி நாட்டிய சாத்திரமும் எட்டு நிலையான உணர்வுகளைக் கூறிக் குரோதத்தை அவற்றுள் ஒன்றாக வைத்து, அதிலிருந்து ரௌத்திரம் என்ற சுவை பிறப்பதாகச் சொல்கிறது. ஆயினும் தொல்காப்பியத்தின் பகுப்பில் வெகுளிக்கு முதலாகக் கேட்கப்படுவது, சினந்தவனுக்கு என்ன செய்யப்பட்டது என்ற கேள்வியே.

காரணத்தை அடுத்து உரைமரபு கைக்கொண்ட இரண்டாவது அளவுகோல் காலம். சினம் என்பது எழுந்து தணிவது. செற்றம் என்பது எழுந்தபின் தணியாமல் மனத்துள் தங்கி வைரமாய் இறுகுவது. திருமுருகாற்றுப்படை முனிவர்களின் இயல்பைக் கூறும்போது அவர்கள் மனத்திலிருந்து நீங்கியதாகச் சொல்வது இகலையும் செற்றத்தையுமே: முன்னது மாறுபாடு, பின்னது நெடுநாள் நிற்கும் பகையுணர்வு. மதுரைக்காஞ்சி அறங்கூறு அவையத்தை, அதாவது வழக்குகளைக் கேட்டு முடிவு சொல்லும் நீதிமன்றத்தைப் பாடுமிடத்தில், அங்கிருப்போர் செற்றமும் உவகையும் கொள்ளாமல் தம்மைக் காத்துக்கொள்வதாகக் கூறுகிறது. கொடுஞ்செயலைக் கேட்கும் நடுவருக்கு ஒரு கணம் சினம் எழுவது இயற்கை; ஒருவர்மேல் முன்பே கொண்ட பகையை மனத்தில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது அறத்துக்கு மாறு. புலவர் அங்கே செற்றம் என்ற சொல்லைத் தேர்ந்ததில் நடுவுநிலைமை பற்றிய ஒரு கொள்கையே அடங்கியிருக்கிறது. நீத்தார் பெருமை அதிகாரத்தின் 29ஆம் குறளுக்கு இருவகையாகப் பொருள் கொள்ளப்பட்டதும் காலத்தைப் பற்றிய வேறுபாட்டால்தான். குணக்குன்றில் ஏறிநின்ற பெரியோரின் வெகுளி கணநேரமே நிற்பதாயினும் அதற்கு இலக்கானவர் தாங்குதல் அரிது என்று குறளின் உரையாசிரியர் பரிமேலழகர் கொள்ள, அத்தகையோர் உள்ளத்தில் வெகுளி ஒரு கணமும் தங்காது என்று வேறு சிலர் கொண்டனர்.

மூன்றாவது அளவுகோல் உறவு: யார் யார்மேல் சினந்தார் என்பது. காதலர்க்குள் நிகழும் சினத்துக்கு அகப்பொருள் மரபு ஊடல், புலவி, துனி என்று தனிச்சொற்களை ஒதுக்கி, ஊடலை மருதத்திணையின் உரிப்பொருளாகவே வைத்தது. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என இந்நிலத்திலேயே நிற்கின்றன. 1306ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் துனியை முதிர்ந்த பிணக்கு என்றும் புலவியை இளைய பிணக்கு என்றும் பிரிக்கிறார். துனி இல்லாத காதல் அளவுகடந்து பழுத்த கனியையும், புலவி இல்லாத காதல் முற்றாத பிஞ்சையும் ஒக்கும் என்பது அக்குறளின் கருத்து. பகைவர்மேல் செல்லும் சினத்தைக் காக்கச் சொல்லும் வெகுளாமை அதிகாரமும், அன்புடையார்மேல் செல்லும் சினத்தை இன்பத்தின் பகுதியாக ஏற்கும் காமத்துப்பாலும் ஒரே நூலில் முரணின்றி நிற்பதற்கு இச்சொற்பகுப்பே துணைநிற்கிறது.

ஒருவரிடத்தே இருவேறு மனநிலைகள் ஒரே வேளையில் நிற்கக்கூடும் என்பதை விளக்கியது வைணவ உரைமரபு. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பிரியும் சாலையின் மறுமுனையான ஸ்ரீபெரும்புதூர், மரபுப்படி 1017ஆம் ஆண்டில் இராமானுசர் பிறந்த ஊர். அவர் பணித்தபடி திருக்குருகைப்பிரான் பிள்ளான் திருவாய்மொழிக்கு எழுதிய ஆறாயிரப்படியில் தொடங்கி, நம்பிள்ளையின் சொற்பொழிவுகளை வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய முப்பத்தாறாயிரப்படியாகிய ஈடு வரை, பாசுரத்தின் சொல் எந்தக் குரலில், எந்த மனநிலையில், யாரை நோக்கி எழுந்தது என்று ஆராய்வது அவ்வுரைகளின் வழக்கமாயிற்று. இரணியன்மேல் அவ்வளவு சீற்றம் கொண்ட நரசிம்மனைப் பிரகலாதனும் அடியாரும் எவ்வாறு அணுகினர் என்ற வினாவுக்கு, யானையின்மேல் சீறிப் பாயும் வேளையிலும் பெண்சிங்கம் தன் குட்டிக்கு முலை கொடுக்கத் தவறாது என்ற விடை அம்மரபில் வழங்குகிறது. சீற்றம் என்ற சொல் சினத்தின் வெளிப்பாட்டை, பாயும் வேகத்தையும் ஒலியையும் உணர்த்துவது. அது ஒருவரை நோக்கிச் செல்வது, எல்லார்மேலும் பரவுவது அன்று. வெளிப்பாடு என்ற நான்காவது அளவுகோல் இங்கே உறவோடு சேர்கிறது. பாடலாத்ரியின் மூலவருக்கும் உற்சவருக்கும் உள்ள பெயர் வேறுபாட்டை இவ்விளக்கத்தின் துணைகொண்டே புரிந்துகொள்ளலாம்.

இவ்வாறு காரணம், காலம், உறவு, வெளிப்பாடு என்னும் நான்கால் பிரிக்கப்பட்ட சொற்கள் நிகண்டுகளின் காலத்தில் மீண்டும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நிகண்டு என்பது ஒருபொருள் குறித்த பல சொற்களை மனப்பாடத்துக்கு ஏற்றவாறு பாவில் தொகுத்துத் தரும் நூல். ஒன்பதாம் நூற்றாண்டளவிலான திவாகரமும், அதனையடுத்த பிங்கலமும், பதினாறாம் நூற்றாண்டில் மண்டல புருடர் இயற்றிய சூடாமணியும் சொற்களைத் தொகுதி தொகுதியாக அடுக்கின: பிங்கலம் பத்தாகவும், ஏனைய இரண்டும் பன்னிரண்டாகவும். பண்பு பற்றிய பெயர்களுக்கும் செயல் பற்றிய பெயர்களுக்கும் ஒலி பற்றிய பெயர்களுக்கும் தனித்தனித் தொகுதிகள் வகுத்தது திவாகரம், சூடாமணி ஆகியவற்றின் சிறப்பு. செய்யுள் இயற்றுவோர்க்கு எதுகைக்கும் மோனைக்கும் ஏற்ற மாற்றுச்சொல் கிடைத்தல் இன்றியமையாதது. அத்தேவையை நிகண்டுகள் நிறைவு செய்தன. ஆயின் ஒரே வரியில் அடுக்கப்பட்ட சொற்களெல்லாம் ஒன்றுக்கொன்று ஈடானவை என்ற எண்ணம் கற்போரிடம் படிந்தது. வீரமாமுனிவர் 1732இல் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளாக அமைத்த சதுரகராதி சொற்களை அகரவரிசைக்குக் கொண்டுவந்தது. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டு, வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராயிருந்து நிறைவு செய்த தமிழ் லெக்சிகனும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளைத் தனித்தனியே தந்தன. லெக்சிகன் இலக்கிய மேற்கோள்களையும் சேர்த்ததால், ஒரு சொல் எவ்விடத்தில் வழங்கியது என்பதை அறிய வழி பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சி.வை. தாமோதரம் பிள்ளை தொல்காப்பிய உரைகளையும், உ.வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டையும் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியிராவிட்டால், செற்றத்துக்கும் சினத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லும் ஏடுகள் பலருக்கும் எட்டியிரா.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு வடக்கே, ரயில்பாதையை ஒட்டி எழுப்பப்பட்ட புதுநகருக்கு மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்டதும் இவ்வரலாற்றோடு தொடர்புடையதே. 1916ஆம் ஆண்டளவில் அவர் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், கோபம், பரிகாசம் போன்ற வடசொற்களின் இடத்தில் சினம், நகையாடல் போன்ற தமிழ்ச்சொற்களை மீட்டுக் கொண்டுவந்தது. மேடையிலும் பாடநூலிலும் சினம் மீண்டும் உயிர்பெற்றது. பேச்சுத்தமிழிலோ கோபம் நிலைத்துவிட்டது. அதனால் இன்று சினம் என்ற சொல்லுக்கு ஒரு வீறும், கோபம் என்ற சொல்லுக்கு அன்றாட நெருக்கமும் ஏற்பட்டு, ஒன்றன் இடத்தைப் பிடிக்க வந்த சொல் தனக்கென வேறிடம் அமைத்துக்கொண்டது. ஔவையார் ஆத்திசூடியில் தணித்துக்கொள்ள வேண்டியதாய்ச் சொன்னது சினத்தை. பாரதியார் புதிய ஆத்திசூடியில் பயிற்சிக்கு உரியதாய்ச் சொன்னது ரௌத்திரத்தை. தனக்கு நேர்ந்ததற்காகக் கொதிப்பதும் அநீதியைக் கண்டு பொங்குவதும் வேறு என்று கொண்டால் இரண்டு அறிவுரைகளும் மோதவேண்டியதில்லை. தொல்காப்பியரின் வெகுளியோ எல்லாவற்றிலும் தொலைவான பயணம் சென்றது: சினத்தைக் குறித்த அச்சொல் இன்றைய வழக்கில் கள்ளங்கபடற்ற, உலகம் அறியாத ஒருவரைச் சுட்டுகிறது, 'வெகுளியான பிள்ளை' என்பவர்கள் கோபக்காரப் பிள்ளையைச் சொல்லவில்லை.

பேச்சுவழக்கு பழைய சொற்களை இழந்த இடத்தில் புதியவற்றை நிரப்பிக்கொண்டது. சிடுசிடுப்பு நாள்முழுதும் நிற்கும் சிறு எரிச்சல்; ஆத்திரம் நிதானத்தைப் பறிக்கும் திடீர் வேகம். பொருமலும் குமுறலும் வெளியே விட முடியாத கோபங்கள்: பொருமல் தனக்குக் கிடைக்காததைப் பற்றிய மனத்தாங்கலோடு சேர்வது, குமுறல் அடக்கிவைத்த நியாயம் வெடிக்கக் காத்திருப்பது. பேச்சின் கடுமையையும் மக்கள் தெளிவாகவே பிரிக்கின்றனர். கடிந்துகொள்வதில் அக்கறை உண்டு. அதட்டுவதில் அதிகாரம் உண்டு. ஏசுவதில் இழிவுபடுத்தும் நோக்கம் உண்டு. மிரட்டுவதில் இனி நடக்கப்போகும் தீங்கின் அறிவிப்பு உண்டு. 'இப்படியா வேலை பார்ப்பே?' என்ற ஒரே வாக்கியத்தைப் பழகிய மூத்த தொழிலாளி, புதிதாய்ச் சேர்ந்தவனின் விரல் இயந்திரத்தில் சிக்காமல் இழுத்துவிட்டுச் சொன்னால் அது கடிதல். மேற்பார்வையாளர் லைனில் பத்துப்பேர் நடுவே உரக்கச் சொன்னால் அது அவமதிப்பு. எழுத்து மாறவில்லை, யார், யாரிடம், எதற்காக, எவர் முன்னிலையில் என்பவை மாறின.

இவ்வேறுபாடு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்வட்டாரத்தில் ஏட்டளவில் நிற்பதன்று. 1946ஆம் ஆண்டின் தொழில்நிலைய வேலைவாய்ப்பு நிலையாணைகள் சட்டம், வேலை நிபந்தனைகளையும் ஒழுங்கீனம் எனப்படும் செயல்களையும் எழுதி வைக்க நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியதோடு, அவற்றை ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர்க்குப் புரியும் மொழியிலும் வாயிலருகே ஒட்டவேண்டும் என்றும் விதித்தது. கீழ்ப்படியாமை, கலகம் விளைக்கும் நடத்தை, தகாத வார்த்தை போன்ற தமிழ்த்தொடர்கள் அவ்வாறே ஆலைச்சுவர்களுக்கு வந்தன. அரசுப் பணியாளர் ஒழுங்குமுறை விதிகளில் கண்டனம் என்பது தண்டனைகளுள் ஒன்று. எச்சரிக்கை அத்தண்டனைப் பட்டியலில் இல்லை. பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் பதவி உயர்வின்போது வெவ்வேறு விளைவு தருவன. குற்றவியல் சட்டமும் இவ்வாறே படிவைத்தது: 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டுவது 294ஆம் பிரிவு, அமைதியைக் குலைக்கத் தூண்டும் வேண்டுமென்றே செய்த அவமதிப்பு 504, மிரட்டல் 506. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 296, 352, 351 ஆகிய பிரிவுகளாயின. எண் மாறினாலும் இழிசொல், அவமதிப்பு, மிரட்டல் என்ற மூன்று படிகள் மாறவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், உரையாசிரியர்களின் அளவுகோல்கள் இன்றும் வழக்காடு மன்றத்தில் வேலை செய்வது தெரியும். தொழிற்தகராறுகள் சட்டத்தில் 1971ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 11-ஏ பிரிவு, குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தைத் தொழிலாளர் நீதிமன்றங்களுக்கு அளித்தது. 1982இல் உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில், 14 ஆண்டுப் பணிக்காலத்தில் வேறு குற்றம் காட்டப்படாத தொழிலாளி நிதானமற்ற, மிரட்டும் தொனியிலான சொற்களைப் பேசியதற்காக வேலையை இழந்திருந்தார். அச்சொற்கள் முறையற்றவை என்பதை ஏற்ற நீதிமன்றம், பணிநீக்கம் அளவுக்கு மீறியது எனக் கூறி, ஊதிய உயர்வுகளை நிறுத்தும் தண்டனையாக அதைக் குறைத்தது. 2005இல் ஒரு வாகன நிறுவனத்தின் வழக்கில், மேலதிகாரியை அவருக்குக் கீழே பணிபுரிவோர் முன்னிலையில் மிக இழிவான சொற்களால் ஏசியதற்குத் தணிவிக்கும் சூழ்நிலை எதுவும் இல்லை என்று கண்டு, பணிநீக்கத்தை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. தூண்டுதல் இருந்ததா என்பது காரணம். முன்னைய பணிக்காலம் எத்தகையது என்பது காலம். பேசியவர்க்கும் கேட்டவர்க்கும் உள்ள நிலை உறவு. எந்தச் சொல், எவர் எதிரில் என்பது வெளிப்பாடு. பின்னர் 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம், நிலையாணைகளையும் தகராறு தீர்க்கும் முறையையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சொல்லை எடைபோடும் பொறுப்போ குறையவில்லை.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. ஒத்த சொற்களின் நுண்வேறுபாட்டை அறிவது புலமையின் அணிகலன் அன்று; ஒருவரை நேர்மையாக மதிப்பிடுவதற்கான கருவி. கோபமாகப் பேசினார் என்ற ஒரு வரியில் விசாரணை அறிக்கையை முடிப்பவர், ஒரு தொழிலாளியின் பல்லாண்டு உழைப்பையோ ஒரு மேற்பார்வையாளரின் மதிப்பையோ அந்த ஒரு வரியில் கரைத்துவிடுகிறார். ஆகவே நிலையாணைகளைத் தமிழில் எழுதுவோர் தகாத வார்த்தை என்ற பொத்தாம்பொதுவான தொடரோடு நிற்காமல் ஏச்சையும் அவமதிப்பையும் மிரட்டலையும் தனித்தனியே விளக்கி எழுத வேண்டும். விசாரணை நடத்துவோர் பேசப்பட்ட சொற்களைப் பேசியவாறே பதிவுசெய்ய வேண்டும். பள்ளிகளில் ஒருபொருட்பன்மொழி கற்பிக்கும் ஆசிரியர்கள் சினம், செற்றம், சீற்றம், புலவி என்று அடுக்கிக் காட்டுவதோடு அமையாமல் அவை எங்கே பிரிகின்றன என்பதையும் சொல்லித்தர வேண்டும். தொல்காப்பியரும் பேராசிரியரும் பரிமேலழகரும் அதற்கான அளவுகோல்களை ஏற்கெனவே வகுத்துத் தந்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துப் பயன்படுத்துவதே எஞ்சியுள்ள கடமை.